லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ குரோட்ஸ் வரை: ப்ரூக்ஸ் பி17 தோல் சீட் எப்படி உழைத்தது

பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டில் கிளம்பி, வடகிழக்குக் கோடியில் இருக்கும் ஜான் ஓ குரோட்ஸ் வரை தனியாக சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கியரைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் டயரைப் பற்றி. நான் சீட்டிலிருந்துதான் தொடங்குவேன். பெரிய சாலைகளிலேயே போனால் சுமார் 1,400 கிலோமீட்டர். லாரிகளுக்கு ஒதுங்கி கிராமத்துப் பாதைகளில் போனால் ஏறக்குறைய 1,600. அத்தனை தூரமும் உடம்பைத் தாங்குவது ஒரு சாண் அகலம்கூட இல்லாத சீட். தனியாகப் போகிறவருக்குப் பேச்சுத்துணையும் கிடையாது, எதிர்காற்றில் முன்னால் ஓட்டித் தர ஆளும் கிடையாது. சின்ன வலிகூட அன்றைய பயணத்தையே பிடித்துக்கொள்ளும்.

என்னிடம் இருப்பது ப்ரூக்ஸ் பி17. வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. இந்தப் பயணத்துக்கு முன்பும் பின்பும் அதில்தான் ஓட்டுகிறேன். ப்ரூக்ஸ், 1866-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி. 2002-இல் இத்தாலியின் செல்லே ராயல் அதை வாங்கிவிட்டாலும், தோல் சீட்டுகள் பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெதிக்கில்தான் தயாராகின்றன. உள்ளே பஞ்சு கிடையாது, ஜெல் கிடையாது. தடித்த மாட்டுத்தோலை முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் ரிவெட் அடித்து, தூளி மாதிரி இழுத்துக் கட்டியிருப்பார்கள். புதிதில் நல்ல கெட்டி. சில நூறு கிலோமீட்டர் ஓடியபிறகு, நம் எலும்பு அழுந்தும் இரண்டு இடங்களில் மட்டும் தோல் லேசாகக் குழிந்து கொடுக்கும். என் சீட்டில் அந்த இரண்டு குழிகளும் ஒரே ஆழத்தில் இல்லை. வலப்பக்கம் கொஞ்சம் கூடுதல். என் உடம்பு அப்படித்தான் உட்காருகிறது போல.

சீட்டைச் சோதிப்பது மேடுதான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தென்மேற்கு மாவட்டங்களான கார்ன்வாலிலும் டெவனிலும் சாலைகள் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி உடனே ஏறும். 20 சதவீத ஏற்றம் என்ற பலகை அங்கே சாதாரணம். முழங்காலுக்குத்தான் வேலை. பெடல் மேல் எழுந்து நின்று மிதிப்பதால் இடுப்புக்கு அடிக்கடி ஓய்வு கிடைத்துவிடும். சாமர்செட் லெவல்ஸ் வந்ததும் கதை மாறுகிறது. தண்ணீரை வடித்துவிட்டு உண்டாக்கிய சதுப்பு நிலம், வாய்க்கால்களுக்கு நடுவே தட்டையான சாலை. எழுந்து நிற்கக் காரணமே இல்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்தே ஓட்ட வேண்டும். மலிவான ஜெல் சீட்டில் இதுபோன்ற இடங்களில்தான் எனக்கு மரத்துப்போகும். பி17-இல் அது வரவே இல்லை. செஷயர் சமவெளியிலும் அப்படியே.

சரி, மழை. பிரிட்டனில் தோல் சீட் வைத்திருப்பவரின் நிஜமான கவலை இதுதான். இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் கம்ப்ரியாவின் சீத்வெய்ட் பகுதியில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நான் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகவில்லை. ஆனால் அதே கம்ப்ரியாவில், 400 மீட்டருக்கு மேல் ஏறும் ஷாப் என்ற மேட்டில் எனக்குக் கிடைத்ததும் குறைவில்லை. சீட்டின் மேற்புறத்தில் விழும் மழையால் அவ்வளவு ஆபத்து இல்லை, நாம் உட்கார்ந்து மறைத்துக்கொள்கிறோம். பின்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர்தான் எதிரி. சீட்டின் அடிப்பக்கம் சொரசொரப்பான வெறும் தோல், தண்ணீரைக் குடித்துவிடும். ஊறிய தோலில் உட்கார்ந்து ஓட்டினால் தொய்ந்துபோகும். எனவே முழு நீள மட்கார்டு கட்டாயம். கிளம்பும் முன் ப்ரூஃபைட் என்ற மெழுகை விரலில் எடுத்து, சட்டத்துக்கு இடையே கையை விட்டு அடிப்புறமும் தேய்த்தேன். வெளியே நிறுத்தும்போது ஒரு பிளாஸ்டிக் உறை போதும். நனைந்துவிட்டால் அறை வெப்பத்தில் தானாகக் காயவிட வேண்டும். ஹாஸ்டல்களில் துணி காயவைக்கும் சூடான அறை இருக்கும், அங்கே கொண்டுபோகாதீர்கள். தோல் விறைத்து வெடிக்கும்.

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் லெர்க்கிலிருந்து ஆல்ட்னஹாராவுக்குப் போகும் சாலை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒற்றை வழித்தடம், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடைவெளிகள், இருபுறமும் ஆளரவமில்லாத மேய்ச்சல் வெளி. நடுவே கிராஸ்க் இன் என்று ஒரே ஒரு விடுதி. அதற்கும் வடக்கே, 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஃப்ளோ கன்ட்ரி என்ற, மக்கிய செடிகள் படிந்த கரிச்சதுப்பு நிலம். தென்மேற்குக் காற்று முதுகில் தள்ள, நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகும் இறங்கி நிற்க வேண்டும் என்று தோன்றாததே இந்த சீட்டுக்கு நான் தரும் பெரிய மதிப்பெண்.

எல்லோருக்கும் வாங்கச் சொல்லமாட்டேன். எடை அரை கிலோவுக்கு மேல். ஹேண்டில்பாரை நன்றாகத் தாழ்த்திக் குனிந்து ஓட்டுகிறவருக்கு இந்த அகலம் தொடையில் உரசும். ஹேண்டில்பாரும் சீட்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பவருக்குத்தான் இது. தோலும், கொழுப்பு கலந்த மெழுகும் வேண்டாம் என்பவர்களுக்கு அதே கம்பெனியின் கேம்பியம் வகை இருக்கிறது. ரப்பரும் பருத்தியும் சேர்த்துச் செய்தது, மழைக்கும் பயமில்லை. தோல்தான் வேண்டும் என்றால், பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்கி உள்ளூரில் ஓட்டிப் பழக்குங்கள். சீட்டின் முன்முனைக்கு அடியில் இருக்கும், தோலை இறுக்கும் இழுவை போல்ட்டை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். தோல் தொய்வதாகத் தெரிந்தால் மட்டும், ஒருமுறைக்கு அரைச் சுற்று.