முட்டியில் அடிபட்டால் எக்ஸ்ரேவா, எம்ஆர்ஐயா?

குருத்தெலும்பு: எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது, நின்றபடி எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருப்பதை வைத்துத் தேய்மானத்தை ஊகிக்கலாம், அவ்வளவுதான். எம்ஆர்ஐயில் குருத்தெலும்பில் விழுந்த வெடிப்பு, பள்ளம், அதற்கு அடியில் எலும்புக்குள் கோத்த நீர், கூடவே ஜவ்வுக் கிழிசலும் தெரியும். டி2 மேப்பிங் (குருத்தெலும்பின் உள்நிலையை அளந்து காட்டும் தனி எம்ஆர்ஐ முறை) வசதி இருந்தால் மேற்பரப்பு கெடுவதற்கு முன்பே உள்ளே நடக்கும் மாற்றம்கூடப் பிடிபடும்.

செலவு: எக்ஸ்ரே சில நூறு ரூபாய், எம்ஆர்ஐ பல ஆயிரம்.

நேரம்: எக்ஸ்ரே சில நிமிடம். எம்ஆர்ஐக்கு அரை மணி நேரம்போல அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் அதிகம், ஆனால் கதிர்வீச்சு கிடையாது. பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எலும்பு முறிவா என்று பார்க்க முதலில் எக்ஸ்ரே. அது நார்மல், ஆனாலும் முட்டி மடக்க முடியாமல் பூட்டிக்கொள்கிறது, வீக்கம் வாரக்கணக்கில் வடியவில்லை என்றால் எம்ஆர்ஐதான் சரி, தள்ளிப்போடாதீர்கள்.