மைக்ரோவேவைத் திருத்திக் கொண்டு வந்தவர்கள் ஒருதடவை கதவைத் திறந்து பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருப்பவர்கள், முக்கியமாக வீட்டில் வயதான அம்மா அப்பா இருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். கடையின் பெயரை எழுத மாட்டேன். அந்தக் கடையில் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, அதனால் பெயரை விட என்ன செய்தார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய மாதிரி மைக்ரோவேவ், இரண்டு குமிழ்கள் மட்டும் உள்ளது, மேலே இருப்பது சூட்டின் அளவு, கீழே இருப்பது நேரம். ஏழெட்டு வருடம் ஒரு பிரச்சினையும் தரவில்லை. அப்பாவுக்கு இரவு எட்டரைக்குச் சாப்பாடு சூடாக இருக்க வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அடுப்படியில் நின்று ஒவ்வொரு கறியாகச் சூடாக்க முடியாது. அதனால் எங்கள் குசினியில் அந்தப் பெட்டிக்குத்தான் அதிக வேலை. போன மாசி மாதம் ஒரு பழக்கம் தொடங்கியது: கதவை மூடினால் உடனே வேலை செய்யாது, கையால் அழுத்திப் பிடித்தால்தான் ஓடும். பிறகு அழுத்தினாலும் ஓடவில்லை.

டவுனில் மின்சாதனம் திருத்தும் கடை ஒன்றுக்கு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மூன்று நாள் கழித்து 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு தந்தார்கள். "கதவு சுவிட்ச் மாத்தியிருக்கு அக்கா, இனிப் பிரச்சினை வராது" என்றார் அந்தத் தம்பி. ஒரு துண்டுக் காகிதத்தில் 'சர்விஸ் 4500' என்று மட்டும் எழுதியிருந்தது, கடைப் பெயரும் இல்லை, மாற்றிய சாமானின் பெயரும் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. இதை வாசிப்பவர்கள் கவனியுங்கள்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அம்மா சொதியைக் கிளறுவதற்காக இடையில் கதவைத் திறந்தார், உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், பெட்டி செத்துப்போனது. திரும்பக் கொண்டுபோனேன். ஃபியூஸ் போயிருக்கிறதாம், 800 ரூபாய். அடுத்த கிழமை அதே கதை, இடையில் திறந்ததும் அதே 'டப்'. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பெட்டியை மேசையில் வைத்து, "இனி ஃபியூஸ் போகாத மாதிரிச் செய்து தாங்க, இல்லாவிட்டால் காசைத் திருப்பித் தாங்க" என்று சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் வாங்கி வைத்தார், அடுத்த நாள் பின்னேரமே தந்துவிட்டார். உண்மையாகவே அதன்பிறகு ஃபியூஸ் போகவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நான் குசினி மேசையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அம்மா மீன் குழம்பை இரண்டு நிமிடத்துக்கு வைத்துவிட்டு, ஒரு நிமிடத்தில், உப்புப் பார்க்க வேண்டும் என்று கதவைத் திறந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன், ஏனென்றால் அந்த 'ம்ம்ம்' என்ற இரைச்சல் நிற்கவில்லை. கதவு முழுக்கத் திறந்திருக்கிறது, உள்ளே கண்ணாடித் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, கோப்பையில் குழம்பு ஓரத்தில் கொதிக்கிறது. அம்மா தட்டு சுற்றும் மோட்டார்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்து, துணியைச் சுற்றிய கையைக் கோப்பைக்கு நீட்டிவிட்டார். நான் கத்திக்கொண்டு எழும்பிச் சுவரில் சுவிட்சை அடித்தேன். அதற்குள் "ஐயோ புள்ள, கோப்பையைத் தொடவே இல்லை, விரலுக்குள்ள சுடுது" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். இரண்டு விநாடிதான். விரல்கள் ஒரு மணித்தியாலம் சிவந்திருந்தன. அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம், பெரிய காயம் இல்லை என்று சொன்னார்கள், இப்போது சுகம். ஆனால் அந்த 'விரலுக்குள்ள சுடுது' என்ற வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது, ஏனென்றால் அம்மா சரியாகத்தான் சொன்னார். நெருப்புத் தோலை வெளியில் இருந்து சுடும். மைக்ரோவேவ் அலை சதைக்குள் போய் அங்கிருக்கும் தண்ணீரைச் சூடாக்கும், குழம்பைச் சூடாக்குவது போலவே.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், வயரிங் வேலை செய்பவர், கட்டாரில் பல வருடம் குளிர்சாதனம், சமையலறைச் சாதனம் திருத்தும் வேலையில் இருந்தவர். கல்முனையில் இருந்து அடுத்த நாளே வந்தார். (இதை வாசித்துவிட்டு யாரும் ஸ்குரூ டிரைவரைத் தூக்காதீர்கள். இந்தப் பெட்டியின் ட்ரான்ஸ்ஃபோமர் 230 வோல்ட்டை 2000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றுகிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வீட்டுச் சாதனங்களில் ஆளைக் கொல்லக்கூடிய பெட்டி இதுதான் என்பது அத்தானின் சொல். மூடியைத் திறந்ததும் அவர் முதலில் செய்தது அந்தக் கெப்பாசிட்டரை வெறுமையாக்கியதுதான், எங்களை எல்லாம் வாசலுக்கு அனுப்பிவிட்டு.)

பிறகு என்னைக் கூப்பிட்டு டோர்ச் லைட் அடித்துக் காட்டினார். கதவின் கொக்கிகள் போய் இறங்கும் இடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சின்னச் சுவிட்சுகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. மேல் சுவிட்சும் கீழ்ச் சுவிட்சும் கழற்றப்பட்டு, அவற்றின் வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டுக் கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தன. டேப் வெயிலில் கிடந்த மாதிரி இளகி, எண்ணெய் பட்டு, ஒரு பக்கம் உரிந்து செம்பு தெரிந்தது. நடுச் சுவிட்சின் வயரை வெட்டி விட்டிருந்தார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிக் குழாய் இருந்தது, ஆனால் அதன் மேலாக ஒரு செம்புக் கம்பியை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். புதுச் சுவிட்ச் ஒன்றுகூட இல்லை. 4,500 ரூபாய் இதற்குத்தான்.

அத்தான் விளக்கியதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். மேலும் கீழும் இருக்கும் இரண்டு சுவிட்சும் கதவு மூடினால்தான் கரண்டை விடும், திறந்தால் இரண்டும் தனித்தனியாக வெட்டும். ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். நடுச் சுவிட்சின் வேலை வேறு, அது அந்த இரண்டையும் கண்காணிப்பது. கதவு திறந்திருக்கும்போது மேல் சுவிட்ச் வெட்டாமல் ஒட்டிக்கொண்டு கரண்டை விட்டால், நடுச் சுவிட்ச் வேண்டுமென்றே ஷோட் ஆக்கி ஃபியூஸை எரித்துவிடும். அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டிலிருந்து மைக்ரோவேவ் அடுப்புகளுக்கு ஒரு பாதுகாப்பு விதி இருக்கிறது, அதில் இரண்டு தனித்தனிக் கதவுப் பூட்டுகளும் அவற்றைக் கண்காணிக்கும் ஏற்பாடும் கட்டாயம் வேண்டும், அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் அலைக் கசிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் போகக் கூடாது.

அப்போதுதான் எனக்கு முழுக் கதையும் விளங்கியது. முதல் தடவையே அவர் சுவிட்ச் மாற்றவில்லை, வயரைச் சேர்த்து முறுக்கிவிட்டார். அம்மா இடையில் திறந்தபோதெல்லாம் 'டப்' என்று ஃபியூஸ் போனது பழுது இல்லை, நடுச் சுவிட்ச் தன் வேலையைச் செய்தது. இரண்டு தடவை அந்தப் பெட்டி அம்மாவின் கையைக் காப்பாற்றியிருக்கிறது. நான் போய் ஃபியூஸ் போகக் கூடாது என்று சண்டை பிடித்தேன், அவர் நடுச் சுவிட்சையும் வெட்டி ஃபியூஸுக்கும் கம்பி வைத்துவிட்டார். எனக்குத் தெரியாமல் கேட்டேன். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார், அதுதான் என்னால் மன்னிக்க முடியாதது.

கடைக்குப் போனோம், அத்தானும் நானும், படங்களையும் எடுத்துக்கொண்டு. முதலில் "அது நாங்க செய்தது இல்லை" என்றார். அத்தான் டேப்பையும் ஈயத்தையும் காட்டிக் கேட்டதும், "அந்தச் சுவிட்ச் இங்க கிடைக்காது, கொழும்புல இருந்து எடுக்கணும், அக்காதானே அவசரம் எண்டாங்க" என்றார். கிடைக்காவிட்டால் கிடைக்காது என்று சொல்லித் திருப்பித் தர வேண்டியதுதானே. அத்தான் அந்தச் சுவிட்சைப் பக்கத்துத் தெருவில் 350 ரூபாய்க்கு வாங்கிக் காட்டினார்.

சரி, உங்கள் வீட்டுப் பெட்டியை எப்படிப் பார்ப்பது. ஒரு கப் தண்ணீரை உள்ளே வைத்து ஒரு நிமிடத்துக்கு ஓட விடுங்கள், வெறுமையாக ஓட விடாதீர்கள், அது அலையை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானைக் கெடுக்கும். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாமல், ஒரு பக்கமாக நின்று, இன்னொருவரைச் சுவர்ச் சுவிட்சில் கை வைத்திருக்கச் சொல்லிவிட்டு, கதவைக் கொஞ்சமாகத் திறவுங்கள். திறந்த கணமே இரைச்சல் நிற்க வேண்டும், தட்டு நிற்க வேண்டும். லைட் எரிவது சில பெட்டிகளில் இயல்பு, சிலதில் காற்றாடியும் கொஞ்ச நேரம் ஓடும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தட்டு சுற்றிக்கொண்டே இருந்தால் உடனே சுவரில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அதோடு அந்தப் பெட்டியை ஒதுக்கி வையுங்கள். கதவை அழுத்திப் பிடித்தால்தான் ஓடுகிறது என்ற நிலை வந்தாலே பாவிப்பதை நிறுத்துங்கள், அதுதான் முதல் அறிகுறி, எங்களுக்கும் அப்படித்தான் தொடங்கியது. கதவு கோணலாகி இடைவெளி தெரிந்தாலும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை ஓட்டையான தகடு கிழிந்திருந்தாலும் அப்படியே. அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்பதால்தான் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓட்டைகளால் அது வெளியே வர முடியாது, வெளிச்சம் மட்டும் வரும். அந்தத் தகடுதான் கதவில் அரண், கண்ணாடி இல்லை.

பக்கத்து வீட்டு மாமி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அதில சூடாக்கின சாப்பாடெல்லாம் விஷமா" என்று கேட்டார், அவருக்கு மட்டும் இல்லை, பலருக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இல்லை. இது எக்ஸ்ரே மாதிரிக் கதிர் கிடையாது, சாப்பாட்டில் எதுவும் தங்காது, நிறுத்திய கணமே அலையும் முடிந்துவிடும். ஆபத்து சூடுதான். அதிலும் கண் வில்லைக்கு இரத்த ஓட்டம் இல்லாததால் சூட்டைக் கடத்திவிட முடியாது, அதனால்தான் கதவு சரியில்லாத பெட்டிக்கு முன்னால் குனிந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இன்னொன்று, அத்தான் கண்ட அடுத்த அநியாயம். எங்கள் பெட்டியோடு வந்த மூன்று முனைப் பிளக்கை வெட்டி, 5 ஆம்பியர் உருண்டை முனைப் பிளக் ஒன்றைப் போட்டிருந்தார்கள், ஏர்த் வயரை உள்ளேயே மடித்து விட்டிருந்தார்கள். பெட்டியின் பின்னால் 1200 வாட் என்று இருக்கிறது, 230 ஆல் வகுத்தால் 5 ஆம்பியரைத் தாண்டுகிறது. வெளிப்பக்கம் முழுக்கத் தகரம், ஏர்த் இல்லை, ஃபியூஸும் இல்லை. திருத்திக் கொண்டுவந்தால் பிளக்கையும் பாருங்கள்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். முறைப்பாட்டை எழுத்தில் தர வேண்டும், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும், பற்றுச்சீட்டு இருந்தால் நல்லது. அந்தத் துண்டுக் காகிதத்தின் படம், வயர்களின் படம், திகதிகள் எல்லாம் வைத்துக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன். இனி எதைத் திருத்தக் கொடுத்தாலும் கடைப் பெயரும் மாற்றிய சாமானும் எழுதிய சீட்டு வாங்குவேன், கழற்றிய பழைய சாமானையும் கையில் கேட்பேன். தந்தால்தான் காசு.

பெட்டியை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பழைய இரும்பு எடுக்கும் தம்பி வந்து ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்றார். அது இன்னொரு கடைக்குப் போய், துடைத்து, பாவித்த சாமான் என்று இன்னொரு அம்மாவின் குசினிக்குப் போய்விடும் என்ற பயத்தில் சும்மா கொடுக்க மனம் வரவில்லை. அத்தான் வயரை அடியோடு வெட்டி, கதவைக் கழற்றித் தனியாக வைத்தார். அம்மா மார்க்கர் பேனையை எடுத்து வந்து பெட்டியின் மேலே தன் கையாலேயே எழுதினார்: 'கதவு சுவிட்ச் இல்லை. பாவிக்க வேண்டாம்.' கதவில்லாத பெட்டியைத்தான் கொடுத்தோம். கதவு இன்னும் எங்கள் கிணற்றடியில் சாத்தி இருக்கிறது.