அந்த மெகா மெனு தீம் பாதி விலைக்கு வந்தாலும்…

வேர்ட்பிரஸ் தளங்களுக்குத் தோற்றம் தரும் தீம் ஒன்றைப் பற்றித்தான் பேச்சு, அகலமாக விரியும் மெகா மெனுதான் அதன் அடையாளம். பெயர் வேண்டாம், வைத்திருப்பவர்களுக்கு அடுத்த பத்தியிலேயே தெரிந்துவிடும். தள்ளுபடி வந்ததிலிருந்து "வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேகம், தோற்றம், வூகாமர்ஸ் (கடை நடத்த உதவும் பிளகின்) எல்லாம் விளம்பரத்தில் சொன்னபடிதான். தமிழ்ப் புத்தகக் கடைத் தளம் ஒன்றில் நெடுநாள் ஓட்டியதில் உயிரை வாங்கியது மேலே இருக்கும் மெனு மட்டும்தான்.

மவுஸை "நூல்கள்" மேல் வைத்தால் நான்கு நெடுவரிசைகளோடு மெனு விரியும். வலது ஓரத்து "மொழிபெயர்ப்பு நாவல்கள்" வேண்டுமென்றால் கை குறுக்காகத்தான் போகும். போகிற வழியில் "இதழ்கள்" மேல் பட்டால் போதும், நூல்கள் மறைந்து இதழ்கள் வந்து நிற்கும். சரி, நேராகக் கீழே இறங்கலாம் என்றால், மெனு பட்டைக்கும் விரியும் பகுதிக்கும் நடுவில் 8 பிக்சல் மார்ஜின் (வெளி இடைவெளி). கர்சர் அங்கே வந்ததும் மெனுவை விட்டுப் போய்விட்டதாக பிரவுசர் கணக்கு வைத்து மூடிவிடும். அமேசானின் அந்தக் காலத்து மெனு, கர்சரிலிருந்து விரிந்த உள்மெனுவின் மூலைகளுக்கு ஒரு முக்கோணம் போட்டு, அதற்குள் நகரும்வரை எதையும் மாற்றாமல் இருந்தது. 2013-லேயே பரவலாகப் பேசப்பட்ட உத்தி இது. காசு வாங்கி விற்கும் தீமில் இன்னும் இல்லை!

ஒட்டுவேலை செய்யலாம். மார்ஜினை எடுத்துவிட்டு அதே 8 பிக்சலை உள்ளே பேடிங்காக (உள் இடைவெளியாக) கொடுங்கள். மூடுவதற்கு 300 மில்லிசெகண்ட் தாமதம் வையுங்கள். அதைவிட உருப்படியான வழி, மவுஸ் மேலே வந்தாலே திறக்கும் ஹோவரையே தூக்கிவிட்டு கிளிக்கில் திறக்கவைப்பது. தலைப்பை பட்டனாக்கி, மெனு திறந்திருக்கிறதா என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஏரியா-எக்ஸ்பாண்டட் மாறுகிறதா, எஸ்கேப் அழுத்தினால் மூடுகிறதா என்று பாருங்கள். மூடிய மெனுவை இந்தத் தீம் ஒபாசிட்டி 0 போட்டு, அதாவது முழுக்க ஒளி ஊடுருவச் செய்து, மறைப்பதோடு சரி. அதனால் மவுஸ் இல்லாமல் டேப் விசையைத் தட்டி நகர்கிறவர் கண்ணுக்குத் தெரியாத அத்தனை லிங்க்கையும் கடந்தாக வேண்டும். விசிபிலிட்டி ஹிடன் சேர்த்தால் தீரும். எல்லாவற்றையும் சைல்டு தீமில் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம்) எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் மொத்தமும் போய்விடும்.

இதே ஆட்கள் மொபைல் மெனுவை எப்படி இவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதுதான் புரியவில்லை. "நூல்கள்" என்ற எழுத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் திறக்கும். பக்கத்து அம்புக்குறியைத் தொட்டால் உட்பிரிவுகள் விரியும். இரண்டும் தனித்தனி, ஒவ்வொன்றும் 48 பிக்சல் உயரம், கட்டைவிரல் தவறாது. இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறோமோ அந்தப் பிரிவு ஏற்கெனவே விரிந்திருக்கும். கூகுளிலிருந்து நேராக உள்பக்கத்துக்கு வந்தவருக்கு இது பெரிய உதவி.

தமிழ் என்று வந்தால் மறுபடியும் தலைவலி. டெமோவில் "ஹோம், ஷாப், பிளாக்" என்று ஆங்கிலத்தில் குட்டிக்குட்டியாக அழகாக இருக்கும். 1280 பிக்சல் திரையில் "சிறுவர் நூல்கள்", "எங்களைப் பற்றி", "தொடர்புக்கு" எல்லாம் போட்டுப் பாருங்கள், இரண்டாவது வரிக்கு இறங்கும். பட்டையின் உயரம் 64 பிக்சல் என்று பூட்டி, ஓவர்ஃப்ளோவை (அதற்கு மேல் வழிவதை) மறைத்திருப்பதால் கீழ்வரி பாதி வெட்டுப்படும். லைன்-ஹைட் (வரி உயரம்) 1.2 போதாது, மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் இகரக் குறியும் இடிக்காமலிருக்க 1.6 வேண்டும். ஹைட்டை மின்-ஹைட்டாக (குறைந்தபட்ச உயரமாக) மாற்றி, தலைப்புகளை ஆறுக்குள் அடக்கி, மிச்சத்தைப் பக்கத்தின் அடியில் இருக்கும் ஃபுட்டருக்கு அனுப்பினால் ஒருவழியாக நிற்கும்.

இதைவிட நல்ல மொபைல் மெனு வேறு தீமில் பார்த்ததில்லை. வாசகர்களில் பெரும்பாலோர் போனில்தான் வருகிறார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் வாங்காதீர்கள். 8 பிக்சலைச் சரிசெய்ய மனமில்லாதவர்களுக்குப் பாதி விலையும் அதிகம்.