லண்டனில் நின்றுவிட்ட குளிசை

கிளம்பும் அவசரத்தில், தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்ச் பெட்டியைச் சூட்கேசில் போட்டேன். இரவில் போடும் 100 மில்லிகிராம் புரோஜெஸ்டரோன் குளிசை கட்டிலருகிலேயே நின்றுவிட்டது. கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து படுக்கப் போகும்போதுதான் தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன். "எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஜெல் மட்டும்தானே, ஒண்டும் செய்யேல்லை. மூண்டு கிழமைதானே, விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் இரத்தம். மாதவிடாய் நின்று மூன்று வருடம், அதற்கான ஹோர்மோன் சிகிச்சை (எச்.ஆர்.டி.) தொடங்கி ஒன்றரை வருடம். தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் கொஞ்சம் இரத்தம் படுவது சகஜம் என்று லண்டனில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. சரியான பயம்.

கொழும்பில் ஒரு வசதி, லண்டன் மாதிரி ஜீ.பி.யின், அதாவது குடும்ப டொக்டரின், கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. போனிலேயே ஒரு வீ.ஓ.ஜி.யை (பெண்நோய், மகப்பேற்று டொக்டரை) சனல் பண்ணி, அதாவது பதிவு செய்து, அன்று பின்னேரமே தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். டொக்டருக்கு ஒரு தொகை, ஆஸ்பத்திரிக்கு ஒரு தொகை, கையில் ஒரு நம்பர். அதுவரை சரி. கவுண்டரில் இருந்த பிள்ளை "என்ன பிரச்சினை?" என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டது. ஸ்கானுக்கு நிறையத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். ஒன்றேகால் மணி நேரம் இருந்தேன். உள்ளே போனால், "இது உள் ஸ்கான், முதலில் பாத்ரூம் போய்விட்டு வாங்கோ." கோபப்படக்கூட நேரமில்லை, ஓடினேன்.

டொக்டர் சிங்களவர், தமிழும் கொஞ்சம் பேசினார். அக்கா ஜெல் மட்டும் பூசுகிற கதையைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அக்காவுக்குக் கர்ப்பப்பை இருக்கா?"

இல்லை. பைப்ரோயிட் கட்டி என்று எடுத்துப் பதினொரு வருடம். எங்கள் இரண்டு பேருக்கும் அது நினைவுக்கே வரவில்லை!

கர்ப்பப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே இருக்கும், புளிக்க வைத்து மறந்துபோன அப்ப மா மாதிரி. தோலில் ஒட்டினாலும் பட்சின் மருந்து இரத்தத்தில்தான் கலக்கிறது. சவ்வை மெல்லியதாக வைத்திருப்பது புரோஜெஸ்டரோனின் வேலை. அது இல்லாமல் மாதக்கணக்கில் போனால் சவ்வு தடிக்கும், சிலருக்குப் புற்றுநோய்வரை போகலாம். அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்த பெண்களிடம் இந்த ஆபத்து கூடியிருப்பதை 1975இல் வந்த ஆய்வுகள் காட்டின. அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமானது.

என் கதை அவ்வளவு தூரம் போகவில்லை. ஐந்து நாளில் சவ்வு அப்படித் தடிக்காது. குளிசை திடீரென்று நின்றதால் இருந்தது உதிர்ந்திருக்கிறது. ஸ்கானில் சவ்வு 3 மில்லிமீட்டர். 4க்குள் இருப்பதால் இப்போதைக்குச் சதை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, குளிசையைத் தொடங்கிய பிறகும் பட்டால் விடக்கூடாது, உடனே காட்ட வேண்டும் என்றார் டொக்டர். அந்த விளக்கத்துக்காகவே கவுண்டரை மன்னித்தேன். தண்ணீரை இன்னும் மன்னிக்கவில்லை.

திரும்பும் வழியில் காலி வீதியில் ஒரு பாமசி. இந்தக் குளிசையை இங்கே கர்ப்பம் தங்குவதற்கும் எழுதுவார்கள். சீட்டைப் பார்த்த பையன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எத்தினை மாசம், மிஸ்?"

"ஐம்பத்துநாலு வருசம்" என்றார் அக்கா.