ஏழு ‘கைத்தறி’ சேலைகளும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இந்த ஜூன் மாதம் மறுபடியும் பள்ளி வேலையில் சேர்ந்தேன். திருச்சியில் ஒரு தனியார் பள்ளி. ஆசிரியைகளுக்குச் சேலைதான். பீரோவைத் திறந்தால் கல்யாணப் பட்டு, சீமந்தப் பட்டு, விசேஷங்களில் யார் யாரோ வைத்துக் கொடுத்த சிந்தடிக் என்று நாற்பதுக்கு மேல் இருக்கிறது. திருச்சி வெயிலில் வகுப்பறையில் நாள் முழுக்க நிற்க, அதில் உருப்படியாக மூன்று தேறவில்லை.

சரி, இந்த முறையாவது கண்டதை வாங்காமல் யோசித்து வாங்குவோம் என்று நோட்டில் கணக்கு எழுதினேன். ஏழு காட்டன் சேலை. கறுப்பு, கடுகு மஞ்சள், அரக்கு, சந்தனம் என்று நாலே நாலு ப்ளவுஸ். எந்தச் சேலையை எடுத்தாலும் குறைந்தது இரண்டு ப்ளவுஸாவது அதற்குச் சேர வேண்டும். காலை ஆறரை மணிக்குப் பீரோ முன்னால் நின்று முழிக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். இந்தத் திட்டத்தில் இன்றைக்கும் எனக்குக் குறை தெரியவில்லை. ஏழையும் ஒரே இடத்தில், ஒரே நாளில், தொட்டுப் பார்க்காமல் வாங்கினேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். ஒரு பெரியவர் குழித்தறியில் உட்கார்ந்து நாடா எறிகிற வீடியோ, பின்னால் தறிச் சத்தம். ‘நெசவாளரிடமிருந்து நேரடியாக, 80-ம் நம்பர் நூல், சுத்தக் கைத்தறி கண்டாங்கி’ என்று எழுதியிருந்தது. கண்டாங்கி என்றால் காரைக்குடிப் பக்கம் நெய்கிற கட்டம் போட்ட பருத்திச் சேலை; 80-ம் நம்பர் என்றால் மெல்லிசான நூல். ஒரு சேலை 890 ரூபாய், ஏழு எடுத்தால் 5,999. வாட்ஸ்அப்பில் கேட்டேன். “ஹேண்ட்லூம்தான் சிஸ், கலர் போகாது, கேரண்டி” என்று பதில் வந்தது. தபாலுக்கு 250 சேர்த்து யுபிஐயில் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த பெயர் கடைப் பெயராக இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். கண்ணில் பட்டது. ஆனாலும் அழுத்திவிட்டேன்.

பார்சல் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் ப்ளவுஸ் தயாராகிவிடட்டும் என்று, போனில் வந்த படங்களைக் காட்டி நிறம் பார்த்துத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தேன். துணியும் கூலியுமாக 2,440 ரூபாய். இந்த அவசரத்துக்கு நானேதான் பொறுப்பு.

சேலைகள் வந்தன. பிரித்ததும் மொடமொடவென்று நன்றாகத்தான் இருந்தன. அது கஞ்சியின் மொடமொடப்பு என்பது முதல் அலசலில் தெரிந்தது. கஞ்சி போனதும் துணி கொசுவலை மாதிரி ஆகிவிட்டது. அரக்கு நிறம் வாளித் தண்ணீரில் இறங்கி, கூடவே போட்டிருந்த மகனின் வெள்ளைச் சீருடைக்கும் ஏறியது. படத்தில் கடுகு நிறமாக இருந்தது நேரில் எலுமிச்சை மஞ்சள். தைத்து வைத்திருந்த ப்ளவுஸோடு வைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்போதும் சாயக் கோளாறு என்றுதான் நினைத்தேன். தெருமுனை இஸ்திரிக்காரர்தான் உடைத்துச் சொன்னார். “டீச்சரம்மா, இத காட்டன்னு சொல்லிக் கொடுத்தீங்க. கரிப்பெட்டிய வெச்சா ஓரம் சுருங்குது. இதுல பாலியெஸ்டர் கலந்திருக்கு, நல்லவேளை பாத்து வெச்சேன்.”

வீட்டுக்கு வந்து முந்தானை ஓரத்தில் நாலு நூலை உருவி, சமையலறைத் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்தினேன். பருத்தி நூல் காகிதம் மாதிரி எரியும், வாசனையும் அப்படித்தான் இருக்கும், மிஞ்சுவது விரலில் தேய்த்தால் பொடியாகிற சாம்பல். என் நூல் உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பாக ஒரு கெட்டிக் குருணையாக நின்றது. பிளாஸ்டிக் நாற்றம். ஏழு சேலையில் ஐந்து இப்படி. மீதி இரண்டு பருத்திதான், ஆனால் கட்டம் நெய்ததில்லை. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. கண்டாங்கியின் கட்டம் பாவிலும் ஊடையிலும், அதாவது நெடுக்கிலும் குறுக்கிலும், சாய நூலைக் கோத்து நெய்வது, அதனால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமாக இருக்கும். எனக்கு வந்தது துணியின் மேல் அச்சடித்த கட்டம். அளந்தும் பார்த்தேன். ஐந்தரை மீட்டர் என்று சொல்லி விற்றதில் இரண்டு சேலை ஐந்தே கால்கூட வரவில்லை. கொசுவம் ஏன் குறைகிறது என்று என் உடம்பைத்தான் அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்!

விசைத்தறிச் சேலை மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. விசைத்தறி என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் சந்தோஷமாக வாங்கிக் கட்டுவேன். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது அந்தப் பகுதியில் நெய்வதற்கே அந்தப் பெயர் என்கிற சட்ட உரிமை, கிடைத்தது. அந்தப் பெயரை அச்சுத் துணியில் ஒட்டி விற்பது நெய்கிறவரின் வயிற்றிலும் அடிக்கிற வேலை. கைத்தறியில் சாதாரணக் காட்டன் சேலைக்கே ஒன்றிரண்டு நாள் தறியில் உட்கார வேண்டும். நூல், சாயம், பாவு, கூலி, அதற்கு மேல் விற்பவர் லாபம், இத்தனையும் சேலைக்கு 857 ரூபாய்க்குள் எப்படி அடங்கும் என்று நான் ஒரு நிமிடம் கணக்குப் போட்டிருக்கலாம். ப்ளவுஸுக்கெல்லாம் கணக்குப் போட்டவள்தானே.

விற்றவரிடம் கேட்டேன். பார்சல் பிரிக்கும் வீடியோ இருக்கிறதா என்றார். இருந்தது, அனுப்பினேன். “வாஷ் பண்ணிட்டீங்களே சிஸ், ரிட்டர்ன் கிடையாது” என்றார். துவைக்காமல் சாயம் போவது எப்படித் தெரியும்? பில் கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை. நூல் எரிந்த வீடியோவை அவர்கள் பதிவின் கீழே போட்டேன். அரை மணி நேரத்தில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். ஆனால் நிறுவனத்தின் பெயர், முகவரி என்று கேட்டபோது என்னிடம் இருந்தது ஒரு போன் நம்பரும் யுபிஐ ரசீதும்தான். இணையத்தில் விற்பவர்கள் தங்கள் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்லவும் கூடாது. அந்தப் பக்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆனால் யார் மேல் போடுவது? அந்த யுபிஐ பெயரை வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். இதுவரை ஒரு ரூபாய் வரவில்லை.

அப்புறம் கோ-ஆப்டெக்ஸுக்குப் போனேன். 1935-ல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். தீபாவளி நேரத்தில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு என்பதால் இப்போதைக்கு இரண்டே சேலை போதும் என்று முடிவு. கையால் நெய்ததுதான் என்று காட்டுகிற அரசின் கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். ஈரக் கைக்குட்டையால் கரையைத் தேய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், “தாராளமா பாருங்கம்மா” என்றார் அங்கிருந்த அம்மா. பையிலிருந்து நாலு ப்ளவுஸையும் எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்தேன்.

“எல்லாரும் சேலைக்கு ப்ளவுஸ் தேடுவாங்க, நீங்க ப்ளவுஸுக்குச் சேலை தேடுறீங்களே” என்று சிரித்துக்கொண்டே, கடுகு மஞ்சள் இருந்த தட்டிலிருந்து எடுத்துப் போட ஆரம்பித்தார்.