நார்த் பீச் பார்க்ரன்: சீசன் இல்லாத மாதங்களில் இளம் ஓட்டக்காரருக்கு எவ்வளவு உதவும்?

டர்பன் கடற்கரையோர நடைபாதையில் சனிக்கிழமைதோறும் காலையில் நடக்கும் நார்த் பீச் பார்க்ரன், 5 கிலோமீட்டர் ஓட்டம். கட்டணம் கிடையாது. இணையத்தில் ஒருமுறை பெயர் பதிந்து, பார்கோடைக் கைப்பேசியிலோ காகிதத்திலோ கொண்டுபோனால் போதும். நேரம் மின்னஞ்சலில் வந்துவிடும். பார்கோடு இல்லையென்றால் நேரம் பதிவாகாது. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளை, பெரியவர் ஒருவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே ஓட வேண்டும். பார்க்ரன் 2004இல் லண்டன் புஷி பார்க்கில் தொடங்கிய ஏற்பாடு. 2011இல் அதைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தவர், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தை 9 முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ்.

பள்ளியில் கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடு வழியே ஓடும் போட்டி) ஓடும் 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். அவர்களுடைய சீசன் செப்டம்பர் வாக்கில் முடிகிறது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் மைதானத்தில் டிராக் போட்டிகள். நடுவில் கிடைக்கும் மூன்று மாதத்துக்கு இதைவிட நல்ல இலவச வசதி டர்பனில் இல்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பந்தயமாக ஓடும் பிள்ளைக்கு இதுவே கெடுதி. முழு மூச்சாக ஓடிய 5 கிலோமீட்டரிலிருந்து கால் தேற இரண்டு மூன்று நாள் ஆகும். ஞாயிறு நீண்ட ஓட்டம் சோர்ந்துபோகும், செவ்வாய் மேட்டுப் பயிற்சி அரைகுறையாகும், டிசம்பரில் நேரம் குறையாமல் அப்படியே நிற்கும்.

சீசன் முடிந்த முதல் இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம். அந்தச் சனிக்கிழமைகளில் பார்கோடு ஸ்கேன் செய்யும் தன்னார்வலராகப் போகலாம். நண்பர்களை விட்டுப் பிரிந்த ஏக்கமும் இருக்காது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் புரட்டாசி விரத மாதம். அசைவம் இல்லாத இந்த நாட்களில் பருப்பு, பயறு, தயிர், சோயா தாராளமாக வேண்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதை நிறுத்துங்கள்; உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கிறது. மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம்.

பிறகு நான்கு வாரச் சுற்று. முதல் சனிக்கிழமை பேசிக்கொண்டே ஓடும் வேகம். முடிந்ததும் புல்வெளியில் 80 மீட்டர் விரைவோட்டம் ஐந்து. இரண்டாவது வாரம் 2 கிலோமீட்டர் மெதுவாக, அடுத்த 2 நடுத்தர வேகத்தில், கடைசி 1 வேகமாக. மூன்றாவது வாரம் டெம்போ, அதாவது முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவான சீரான ஓட்டம்: 5 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் முடிக்கக்கூடிய பிள்ளை கிலோமீட்டருக்கு 4:15 முதல் 4:20 நிமிடம் வரை, அதைவிட வேகமாக ஓடக் கூடாது. நான்காவது வாரம் மட்டும் முழு வேகம். எல்லா வாரமும் முன்னதாக 10, 15 நிமிடம் மெல்லோட்டம்.

பாதை சமதளம், போன வழியே திரும்பி வருவது. காற்றடித்தால் எதிர்க்காற்றில் இழந்த நொடிகள் முழுவதும் திரும்பும்போது கிடைப்பதில்லை. ஆகவே காற்றுள்ள நாளின் நேரத்தை அமைதியான நாளோடு ஒப்பிட்டுப் பிள்ளையைத் திட்டாதீர்கள். நேரக் கணக்கு எல்லோருக்கும் தொடக்க அறிவிப்பிலிருந்தே ஓடுகிறது. கூட்டத்தின் பின்னால் நின்றால் கோட்டைத் தொடுவதற்குள் பல நொடி போய்விடும். கைக்கடிகாரத்தில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். முடிவுப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதைவிட, வயதையும் பாலினத்தையும் கணக்கில் எடுக்கும் வயதுத்தர விழுக்காடு பயனுள்ளது. அதிவேக நேரங்களின் பட்டியல்களைப் பார்க்ரன் தன் தளத்திலிருந்து 2024இல் எடுத்துவிட்டது. வளரும் பிள்ளைகளுக்கு அது நன்மை என்றே நினைக்கிறோம்.

கடினத் தரைதான் இதன் பெரிய குறை. கிராஸ் கன்ட்ரி புல்லிலும் சேற்றிலும் மேட்டிலும் நடப்பது. இங்கே இது எதுவும் இல்லை. ஓட்டத்தின் அளவைத் திடீரென்று கூட்டி, தேய்ந்த ஷூவோடு ஓடினால் முன்னங்கால் எலும்பு ஓரம் வலிக்கத் தொடங்கும். வேகமாக உயரம் கூடும் வயதில் முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள மேட்டில் வலி வந்தால் அது வேறு சங்கதி: குதிப்பதையும் மேடேறுவதையும் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மெத்தென்ற மணலில் ஓடவைப்பது மாற்று வழியல்ல, குதிகால் தசைநாண் இழுபடும். ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் சரிவானது. ஒரே பக்கமாக நெடுந்தூரம் ஓடினால் இடுப்பு நோகும்.

மேட்டுப் பயிற்சிக்கு, டர்பனின் மேடான புறநகரான சாட்ஸ்வர்த் பிள்ளைகள் எங்கும் போக வேண்டாம், வீட்டுத் தெருவே போதும். வாரம் ஒருமுறை 60 நொடி ஏற்றம் ஆறு, இறங்கும்போது நடை. காட்டுப் பாதை வேண்டுமென்றால் யெல்லோவுட் பார்க்கில் உள்ள கென்னத் ஸ்டெய்ன்பேங்க் காப்பகம். பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.

தைப்பூசக் காவடிக்கு விரதமிருக்கும் நாட்களில் முழு வேகச் சனிக்கிழமையைத் தள்ளிவையுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் உச்சத்தில் இருக்கும் காலம் அது. வெறுங்காலோடு காவடி எடுத்த பாதங்களும் ஆற வேண்டும். அந்த வாரம் 5 கிலோமீட்டரை நடந்தே முடிக்கலாம். நடப்பவர்களுக்கும் நேரம் பதிவாகும். எல்லோருக்கும் பின்னால் தன்னார்வலர் ஒருவர் நடந்து வருவார், கடைசி ஆளாகிவிடுவோமோ என்று பிள்ளை கூச வேண்டியதில்லை.