வளையத்தில் எழுதியிருப்பதை நம்பி ஃபில்டர் வாங்காதீர்கள்

தொலைநோக்கிக்கு, தெருவிளக்கு வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் ஒளி மாசு ஃபில்டர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே கடையில் நான் இரண்டு முறை ஏமாந்தேன். முதல் முறை என் அறியாமைக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டாவது முறை நடந்தது அப்பட்டமான ஏமாற்று.

என்னிடம் இருப்பது 200 மில்லிமீட்டர் ஆடி கொண்ட டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி; குவியத் தூரம் 1200 மில்லிமீட்டர். மாடியில் வைத்தால் சனியும் வியாழனும் பளிச்சென்று தெரியும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி மட்டும் அரைகுறையாக அழித்த கரும்பலகையில் மிஞ்சிய சாக்பீஸ் தடம் போலக் கிடக்கும். சுற்றிலும் தெருவிளக்குகள். இணையத்தில் தேடி ஒரு கடையைப் பிடித்தேன். தொலைபேசியில் பேசியவர் நயமாகப் பேசினார். “இந்த ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள் சார், கேலக்ஸி எல்லாம் இரண்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும்” என்றார்.

பிரகாசமாக! ஒரு கண்ணாடி வில்லை எங்கிருந்து ஒளியைக் கொண்டுவரும் என்று அந்த நிமிடம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வந்த ஃபில்டரை ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைத் தொகுதியின்) அடியில் திருகிப் பார்த்தேன். ஆண்ட்ரோமெடா முன்பைவிட மங்கிவிட்டது. எம் 13 என்ற விண்மீன் கொத்தின் ஓரத்தில் தெரிந்துகொண்டிருந்த விண்மீன்களும் காணாமல் போயின. கடைக்காரரிடம் சொன்னால், “உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள்” என்றார். 30 மில்லிமீட்டர் ஐபீஸை எடுத்துவிட்டு 10 மில்லிமீட்டர் போட்டேன். இருட்டுதான் பெரிதானது. ஃபில்டர் போட்டால் செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு: உருப்பெருக்கத்தைக் குறைக்க வேண்டும். என் தொலைநோக்கியில் 30 மில்லிமீட்டர் ஐபீஸ் 40 மடங்கு காட்டும்; அதிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை 5 மில்லிமீட்டர் அகலம். 10 மில்லிமீட்டர் ஐபீஸில் அது 1.7 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஏற்கெனவே ஃபில்டர் வெட்டிய ஒளியை இன்னும் பரப்பி நீர்க்கச் செய்கிறோம் என்று பொருள். தொலைநோக்கி விற்பவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஃபில்டர் எதையும் பிரகாசமாக்காது. பின்புல வானத்தை இருட்டாக்கும், அவ்வளவுதான். அதுவும் நாம் பார்க்கும் பொருளின் ஒளி சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் குவிந்திருந்தால்தான் பயன். கேலக்ஸியும் விண்மீன் கொத்தும் விண்மீன்களின் ஒளி. எல்லா நிறமும் கலந்தது. தெருவிளக்கின் ஒளியை வெட்டினால் அதுவும் சேர்ந்தே வெட்டுப்படும். சோடியம் விளக்குக் காலத்தில் 589 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றியுள்ள மஞ்சளைத் தடுத்தாலே ஓரளவு ஆறுதல் கிடைத்தது. வெள்ளை எல்இடி விளக்கோ 450 அருகே நீலத்தில் ஒரு கூர்முனை, பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை ஒரே பரவல். எனக்கு விற்கப்பட்ட அகலப் பட்டை வகை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் விழிக்கும்.

குறுகிய பட்டை ஃபில்டர்கள் வேறு சாதி: நெபுலா எனப்படும் ஒளிரும் வாயு மேகங்களின் ஒளி குவிந்திருக்கும் சில நிறங்களை, அதாவது நிறமாலைக் கோடுகளை, மட்டும் விடுபவை. யூஎச்சி என்பது 486 நானோமீட்டரில் உள்ள ஹைட்ரஜன் பீட்டா கோட்டையும், 496, 501 ஆகிய இரண்டு ஆக்சிஜன் கோடுகளையும் உள்ளே விட்டு, அவற்றைச் சுற்றியுள்ள ஒளியை மறிக்கும். ஓ-3 ஃபில்டர் ஆக்சிஜன் கோடுகளை மட்டும் விடும். இந்த ஆக்சிஜன் கோடுகளுக்கு ஒரு கதை உண்டு. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு கோள்வடிவ நெபுலாவில் இந்தப் பச்சை ஒளியைக் கண்டார். பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் ‘நெபுலியம்’ என்ற புதுத் தனிமம் என்றே பின்னர் நம்பினார்கள். 1927இல்தான் ஐரா போவன் அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் என்று காட்டினார். அந்தப் பச்சையின் பெயரைச் சொல்லித்தான் எனக்கு இரண்டாவது ஃபில்டரை விற்றார்கள்.

ஆம், மறுபடியும் அதே கடை. “முதலில் வாங்கியது சாதாரண வகை சார், உங்களுக்கு யூஎச்சிதான் சரி” என்றார். ஹைட்ரஜன் ஆல்ஃபா என்ற சிவப்புக் கோடும் உள்ளே வரும் என்று வேறு பெருமையடித்தார். இருளுக்குப் பழகிய கண் 507 நானோமீட்டர் அருகேதான் கூர்மையாக இருக்கும்; 656இல் இருக்கும் ஆல்ஃபா கேமராவுக்குத்தான் உதவும். விற்பனைப் பக்கத்தில், எந்த நிறத்தை எவ்வளவு விடும் என்று காட்டும் வரைபடம் ஒன்று அழகாக இருந்தது: செங்குத்தான இரண்டு சுவர்கள், நடுவே 90 விழுக்காட்டுக்கு மேல் ஒளி. நான் படித்திருந்ததோடு அப்படியே பொருந்தியது. வாங்கிவிட்டேன்.

நல்ல இருட்டான ஓர் இடத்தில் நண்பர் ஒருவருடன் வானம் பார்த்த இரவில் குட்டு வெளிப்பட்டது. சிக்னஸ் மண்டலத்தில், முகத்திரை என்ற பொருள் கொண்ட வெய்ல் நெபுலாவுக்குத் தொலைநோக்கியைத் திருப்பினோம். என் ஃபில்டரில் வெறும் விண்மீன்கள். நண்பர் தம்முடைய பழைய யூஎச்சியை அதே ஐபீஸில் மாட்டினார். புகையை நூலாக முறுக்கியது போல ஒரு வளைவு பார்வைப்புலம் முழுவதும் ஓடியது. என் கண்ணில் கோளாறு இல்லை, வானத்திலும் இல்லை.

மறுநாள் வீட்டில் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். ஒரு பழைய குறுந்தகடும் ஒரு சிஎஃப்எல் விளக்கும் போதும். இருட்டு அறையில் விளக்கின் ஒளியைத் தகட்டில் சாய்வாகப் பிரதிபலிக்கவிட்டால் நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். அவற்றில் 546 நானோமீட்டர் அருகே இருக்கும் பச்சைதான் எடுப்பாக நிற்கும். கண்முன் ஃபில்டரைப் பிடித்துப் பார்க்கும்போது சரியான யூஎச்சியில் இந்தப் பச்சை அணைந்து, நீலப்பச்சை மட்டும் மிஞ்ச வேண்டும். நண்பருடைய ஃபில்டரில் அப்படித்தான் ஆனது. என்னுடையதில் பச்சை அசையாமல் நின்றது. வளையத்தில் யூஎச்சி என்று அச்சிட்ட, அகலப் பட்டைக் கண்ணாடி.

விற்பனைப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அதே வரைபடம், ஒரு கோடு மாறாமல், ஓ-3 என்று விற்கும் ஃபில்டருக்கும் போடப்பட்டிருந்தது. இரண்டு வெவ்வேறு ஃபில்டர்களுக்கு ஒரே வளைவு எப்படி வரும்? படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். “உறையைப் பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை” என்று பதில் வந்தது. உறையைப் பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. குறுந்தகட்டுப் படங்களையும் அனுப்பினேன். அதன்பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

ஆகவே வாங்குமுன் எழுத்திலேயே கேளுங்கள்: எந்த நானோமீட்டரிலிருந்து எது வரை ஒளியை விடும், இந்த வரைபடம் இந்த ஃபில்டரை அளந்து போட்டதா, பிரித்துச் சோதித்தபின் திருப்பி எடுப்பீர்களா. கேலக்ஸிக்காக வாங்குகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். “வேண்டாம், அந்தப் பணத்தை இருட்டான இடத்துக்குப் போகச் செலவழியுங்கள்” என்று சொல்லும் கடையில் நான் நெபுலா ஃபில்டர் வாங்குவேன். சொன்னது போலவே ஒரு கடை அப்படிச் சொன்னது. அங்கே வாங்கிய ஓ-3 வந்த அன்றே குறுந்தகட்டில் தேறியது. பழைய இரண்டும் இழுப்பறையில் கிடக்கின்றன. யாராவது விலைக்குக் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.